வளவுல எதிரொலிச்ச வரவேற்புரை

வணக்கம். மேடையில எப்படிப் பேசுறது, ஆன்லைன்ல எப்படிப் பேசுறதுன்னு இந்த ஆன்லைன் ரூம்புல சொல்லக் கூப்பிட்டிருக்காங்க. நான் ஒண்ணும் பெரிய பேச்சாளர் இல்லைங்க, காரைக்குடியில காலேஜ் பிள்ளைகளை செமினாருக்கும் இன்டர்வியூவுக்கும் பேசப் பழக்குறது என் வேலை, அதனால கைகால் நடுங்குறவங்களைப் பக்கத்துல இருந்து பாத்தவ, அவ்ளோதான்.

எனக்கு மொதப் பாடம் கெடைச்சது எங்க பெரியப்பாவோட அறுபதாங் கல்யாணத்துல. வளவுல, அதான் எங்க செட்டிநாட்டு வீட்டு நடு முற்றமும் அதைச் சுத்துன எடமும், அங்க வச்சு நடந்துச்சு, வரவேற்புரையை என்கிட்ட விட்டுட்டாங்க. ஒரு வாரம் மனப்பாடம் பண்ணி, கண்ணாடி முன்னாடி நின்னு பேசிப் பாத்து, அன்னைக்கி மூச்சு விடாம கடகடன்னு கொட்டி முடிச்சேன், எல்லாரும் கை தட்டுனாங்க. பந்தியில உக்காந்திருந்த ஒரு வயசான ஐயா என்னைக் கூப்பிட்டு, "நல்லாத்தான் பேசுன ஆத்தா, என்ன பேசுனேன்னுதான் ஒண்ணும் வெளங்கலை"ன்னாரு.

எனக்குக் கோவம்னா கோவம். அப்புறம் யோசிச்சாத்தான் தெரியுது, நான் தயார் பண்ணதெல்லாம் பேச்சை மட்டும்தான், பேசப்போற எடத்தைப் பாக்கவே இல்ல. நம்ம செட்டிநாட்டுப் பக்கம் வீடு எப்படின்னு உங்களுக்குத் தெரியும், கீழ ஆத்தங்குடித் தரைக்கல்லு, செவுத்துல சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேத்துத் தேய்ச்ச வழவழப்பு, மேல உசரமான கூரை, பாக்க அவ்வளவு அழகு. ஆனா சத்தத்தை உறிஞ்சிக்க அங்க ஒண்ணுமே கெடையாது, ஒரு வார்த்தை செவுத்துல பட்டு, தரையில பட்டு, கூரையில பட்டுன்னு சுத்திக்கிட்டே இருக்கும், அது அடங்குறதுக்குள்ள நான் அடுத்த வார்த்தையை விட்ருவேன், ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி கூழாயிரும். பெரிய கல்யாண மண்டபத்துலயும் இதே கதைதான். சத்தம் செகண்டுக்கு சுமாரா 340 மீட்டர் ஓடுது, 17 மீட்டர் தள்ளி ஒரு செவுரு இருந்தா போயித் திரும்ப ஒரு செகண்டுல பத்துல ஒரு பங்கு, வேகமாப் பேசுறவங்களுக்கு அதுக்குள்ள அடுத்த எழுத்து வந்துரும்ல.

அதனால நான் பிள்ளைகளுக்கு மொதல்ல சொல்றது, அரை மணி நேரம் முன்னாடி போங்க, நடுவுல நின்னு ஒரு தடவை பலமா கையைத் தட்டிப் பாருங்க. சத்தம் டக்குன்னு நின்னா சரி, இழுத்துக்கிட்டே போச்சுன்னா அன்னைக்கி சின்னச் சின்ன வாக்கியம், ஒவ்வொண்ணுக்கும் நடுவுல ஒரு மூச்சு. ஆளு நெறைஞ்சா எதிரொலி கொஞ்சம் கொறையும், மனுசங்களும் அவங்க கட்டியிருக்குற துணியும் சத்தத்தைக் குடிச்சுரும். கடைசி வரிசையில தெரிஞ்சவங்க ஒருத்தரை உக்கார வச்சு, கேக்கலைன்னா கையைத் தூக்கச் சொல்லிருங்க.

மைக் பத்தி ஒண்ணு. நம்மாளுக "பேரன்பு கொண்ட பெரியோர்களே"ன்னுதான் ஆரம்பிப்பாங்க, அந்த ஒவ்வொரு பகரத்துக்கும் வாயில இருந்து காத்து வந்து மைக்ல முட்டி புப் புப்னு வெடிக்கும். நாலு விரக்கடை தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டுல புடிச்சா அது இருக்காது. மைக் தலையைக் கையால மூடவும் கூடாது, ஸ்பீக்கர் பாக்ஸுக்கு முன்னாடி போயி நிக்கவும் கூடாது, கூய்னு கத்தும்.

அந்தப் பெரியோர்களேவுக்கு அப்புறம் வருது பாருங்க பேரு லிஸ்ட்டு, மாமா, அம்மான், சங்கத் தலைவர், செயலாளர், அதுலயே அஞ்சு நிமிசம் போயிரும், எனக்கு இதுல சுத்தமா உடன்பாடு இல்ல. நம்ம காரைக்குடியில 1939ல கம்பன் கழகம் ஆரம்பிச்ச சா. கணேசன் நேரத்துல எவ்வளவு கறார்னு பெரியவங்க இன்னைக்கும் சொல்லுவாங்க, அந்த ஊர்ல இருந்துக்கிட்டு நாம பத்து நிமிசப் பேச்சை இருபதா இழுக்குறோம். வீட்டுலயே போன்ல ரெக்கார்ட் பண்ணி நேரம் பாத்துருங்க. முழுசா மனப்பாடம் வேண்டாம், மொத ரெண்டு வரியும் முடிக்கிற வரியும் மட்டும் நெஞ்சுல இருக்கட்டும், நடுவுல உள்ளதுக்கு ஒரு துண்டுச்சீட்டு போதும். பயமா, அது இருக்கத்தான் செய்யும், மொத ரெண்டு வரி தடங்கலில்லாம வந்துட்டா பாதி போயிரும்.

இப்ப ஆன்லைன். கொரோனா சமயத்துல நான் மொத மொதல்ல கூகுள் மீட்ல கிளாஸ் எடுத்தப்ப, வீடு அழகாத் தெரியணும்னு வீட்டு முற்றத்துக்கு முதுகைக் காட்டி உக்காந்தேன். பின்னாடி வெயிலு, மூஞ்சி கரிச்சட்டி மாதிரி, கொரலு கெணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரின்னு ஒரு பையன் சாட்ல போட்டான். அடுத்த நாளே எடத்தை மாத்திட்டேன். மெத்தை தலகாணி அடுக்கி வச்சிருக்குற சின்ன ரூம்பு, கொடியில பழைய சேலை, ஜன்னலைப் பாத்து நான். பாக்க ஒண்ணும் பெருசா இல்ல, ஆனா கொரலு அவ்வளவு சுத்தமா வந்துச்சு. மைக் வச்ச சாதா இயர்போன் ஒண்ணு போட்டுக்கிட்டா இன்னும் நல்லது, வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் பாதியானா நம்ம கொரலு 6 டெசிபல் கூடக் கேக்கும், ரூம்போட எதிரொலி கூடாம அப்படியேதான் இருக்கும்.

லேப்டாப்பை மடியில வச்சா மூக்கு ஓட்டைதான் தெரியும், அடியில ரெண்டு எவர்சில்வர் டப்பாவைக் கவுத்து வச்சு கேமராவைக் கண்ணு மட்டத்துக்குக் கொண்டாங்க. கேமரா ஓட்டைக்குப் பக்கத்துல ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிட்டு அதைப் பாத்துப் பேசுங்க, எதிர்ல இருக்குறவங்களுக்கு நாம அவங்க கண்ணைப் பாக்குற மாதிரி இருக்கும். ஓட்டை மேலயே ஒட்டிறாதீங்க, எங்க கிளாஸ்ல ஒரு பொண்ணு அதையும் செஞ்சுது.

ஆன்லைன்ல ரொம்பக் கஷ்டம் எதுன்னா, தலையாட்ட ஆள் இல்லாதது. நேர்ல நாலு பேரு உம் கொட்டுனாலே நமக்குத் தெம்பு வந்துரும், அங்க எல்லாம் கறுப்புக் கட்டம். நான் அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா யாராவது ஒருத்தரைப் பேரு சொல்லிக் கூப்பிட்டு எதாவது கேப்பேன், பதில் வர ஏழெட்டு செகண்டு ஆகும், மியூட்டைத் தேடி எடுக்கணும்ல, அதுவரைக்கும் பேசாம இருக்கணும். அந்த ஏழெட்டு செகண்டு சும்மா இருக்கப் பழகத்தான் எனக்கு ஒரு வருசம் ஆச்சு.

இந்த ஆன்லைன் ரூம்புலயும் அப்படித்தான், உங்க யாரு மூஞ்சியும் எனக்குத் தெரியல. அந்தப் பந்தியில உக்காந்திருந்த ஐயாவை எதிர்ல வச்சுக்கிட்டுத்தான் இவ்வளவு நேரமும் பேசுனேன். வெளங்குச்சா ஐயா? வணக்கம்.