மாண்ட்கமரியில பஸ் ஏறாத ஒரு வருஷம்

வணக்கம். நாம தினமும் பஸ்ல போறோம், சீட் காலியா இருந்தா உக்கார்றோம். 1955ல அமெரிக்காவுல, அலபாமா மாநிலத்து மாண்ட்கமரி ஊர்ல, கருப்பின மக்கள் முன்வாசல்ல காசு குடுத்துட்டு, கீழ இறங்கிப் போய் பின்வாசல்ல ஏறணும், அதுக்குள்ள வண்டிய எடுத்துட்டுப் போயிடுற டிரைவரும் உண்டு. பஸ்ல போறவங்கள்ல பெரும்பாலும் அவங்கதான், அவங்க ஏறலன்னா பஸ் கம்பெனிக்குத்தான் அடி, இத ஞாபகம் வச்சுக்கோங்க.

ரோசா பார்க்ஸ் பேரு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், டிசம்பர் 1ந்தேதி சாயங்காலம் வெள்ளக்காரருக்காக சீட்ட விட்டு எழுந்திரிக்க மாட்டேன்னு சொல்லி கைதானவங்க. எனக்கு அதவிட முக்கியமாப் படுறது அன்னிக்கு ராத்திரி நடந்ததுதான். ஜோ ஆன் ராபின்சன்னு ஒரு காலேஜ் பேராசிரியை, இந்த பஸ் கொடுமையப் பத்தி 1954லயே மேயருக்கு லெட்டர் போட்டவங்க, ராத்திரியோட ராத்திரியா காலேஜுக்குப் போயி, கூட வேல பாக்குற ஒருத்தர், ரெண்டு ஸ்டூடன்ட்ஸ், இவ்வளவு பேர்தான், ஸ்டென்சில் வெட்டி சைக்ளோஸ்டைல் மெஷின்ல நோட்டீஸ் ஓட்டுறாங்க. ஒண்ணு ரெண்டு இல்ல, பல்லாயிரக்கணக்குல. திங்கக்கிழமை யாரும் பஸ் ஏறாதீங்க, அவ்வளவுதான் விஷயம். விடிஞ்சதும் ஸ்கூல் ஸ்கூலா, கடை கடையா கொண்டுபோய்க் குடுத்தாச்சு. மார்ட்டின் லூதர் கிங் இந்தப் போராட்டத்துக்குத் தலைவராகுறதே அந்தத் திங்கக்கிழமைதான், 26 வயசு அவருக்கு.

சரி, ஒரு நாள் ஏறாம இருந்துடலாம், அடுத்த நாள் வேலைக்கு எப்படிப் போறது? போராட்டம்னா மேடைப் பேச்சு மட்டும்னு நெனைக்கிறோம், இங்க நின்னு ஜெயிச்சது வண்டி ஏற்பாடுங்க. மொதல்ல கருப்பின டாக்ஸிக்காரங்க பஸ் கட்டணமான 10 சென்ட்டுக்கே ஏத்திக்கிட்டாங்க, அத போலீஸ் தடுத்ததும் சொந்தக் கார் வச்சிருக்கவங்க முன்னூறு பேர் போல வண்டி குடுத்தாங்க. பெட்ரோலுக்குக் காசு? ஜார்ஜியா கில்மோர்னு ஒரு சமையல்காரம்மா, நாலஞ்சு பொம்பளைங்கள சேத்துக்கிட்டு சிக்கன் சாண்ட்விச்சும் கேக்கும் செஞ்சு வித்து, அந்தக் காச போராட்டக் கூட்டத்துல கொண்டாந்து குடுப்பாங்க, செஞ்சது யாருன்னு மட்டும் மூச்சு விட மாட்டாங்க, வெள்ளக்கார முதலாளிக்குத் தெரிஞ்சா அந்தப் பொம்பளைங்க வேல போயிடும். ஜார்ஜியாம்மாவுக்கு கோர்ட்ல சாட்சி சொன்னதுக்கப்புறம் வேல போயிடுச்சு, அப்பவும் சமையல நிறுத்தல, வீட்டுலயே சமைச்சு வித்தாங்க. இந்த மாதிரி ஆளுங்க பேரெல்லாம் நம்ம பிள்ளைங்க பாடப்புத்தகத்துல வரணும்னு நான் ரொம்ப நாளா சொல்லிட்டே இருக்கேன்.

நேரம் முடியப்போகுதுன்னு சைகை காட்டுறாங்க, கோர்ட் கதைய வேகமா சொல்லிடறேன். பஸ்ல கருப்பின மக்களப் பிரிச்சு உக்கார வைக்கிறது சட்டப்படி தப்புன்னு கேஸ் போட்டவங்க நாலு பெண்கள், அதுல கிளாடெட் கால்வின் ரோசா பார்க்ஸுக்கு ஒம்பது மாசம் முன்னாடியே, 15 வயசுல, சீட்ட விட மாட்டேன்னு கைதான பொண்ணு. 1956 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட் அவங்க பக்கம் தீர்ப்பு சொல்லிச்சு, உத்தரவு ஊருக்கு வந்து சேர டிசம்பர் 20 ஆச்சு, அதுவரைக்கும் ஜனங்க பஸ் ஏறல, மொத்தம் 381 நாள். நன்றி, வணக்கம்.