தழும்பு போலத் தோன்றும் மெலனோமாவும் நரம்புக் கட்டியும்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். நோய்க்குறியியல் பயிலும் மாணவர் ஒருவர் சென்ற வாரம் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். முதியவர் ஒருவரின் கன்னத்திலிருந்து எடுத்த பயாப்சியில் இரு முனையும் கூர்ந்து நீண்ட கதிர் வடிவச் செல்கள் இருக்கின்றன, எஸ்-100 என்னும் புரதத்தைக் காட்டும் சாயம் பாசிட்டிவாக வந்திருக்கிறது, ஆகவே இது நரம்புக் கட்டிதானே என்பது அவருடைய கேள்வி. எஸ்-100 ஒன்றை மட்டும் வைத்து அப்படிச் சொல்லிவிட முடியாது. தோலுக்கு நிறம் தரும் மெலனோசைட்டுகளும் நரம்பைப் போர்த்தியிருக்கும் ஷ்வான் செல்களும் கருவில் நரம்பு முகடு என்னும் ஒரே இடத்திலிருந்து பிறப்பவை என்பதால், இரண்டுமே அந்தப் புரதத்தைச் சுமந்திருக்கின்றன.

இங்கே நாம் அஞ்ச வேண்டியது, மெலனோசைட்டுகளில் தோன்றும் புற்றான மெலனோமாவில் தழும்பு போன்ற நார்த்திசு நிறைந்த வகையான டெஸ்மோபிளாஸ்டிக் மெலனோமாவை. கான்லியும் அவருடைய சகாக்களும் 1971-இல் விவரித்த இந்த அரிய வகை, பல ஆண்டுகள் வெயில் பட்ட தலையிலும் கழுத்திலும், பெரும்பாலும் முதியவர்களிடம் வருகிறது. மெலனோமா என்றாலே கறுப்பு மச்சத்தை எதிர்பார்க்கிறோம்; இதிலோ பல நேரங்களில் நிறமே இருப்பதில்லை, தொட்டால் கெட்டியான தழும்பு போல இருக்கும். நுண்ணோக்கியிலும் கொலாஜன் இழைகளுக்கு நடுவே செல்கள் சிதறிக் கிடப்பதாலும், அவை நரம்புகளைச் சுற்றி ஊர்ந்து செல்வதாலும், நியூரோஃபைப்ரோமா என்னும் தீங்கற்ற நரம்புக் கட்டி என்று எண்ணத் தோன்றுகிறது.

ஆகவே சிறப்புச் சாயங்களைக் கேட்பதற்கு முன், எல்லாப் பயாப்சிக்கும் வழக்கமாகப் போடும் எச் அண்ட் இ சாய ஸ்லைடிலேயே கட்டிக்கு மேலுள்ள மேல்தோலை நிதானமாகப் பாருங்கள். அதன் அடி வரிசையில் ஒழுங்கற்ற மெலனோசைட்டுகள் பெருகியிருந்தால் அது மிகப் பெரிய தடயம். ஆனால் எல்லா நோயாளிகளிடமும் அது கிடைக்காது. கட்டிக்குள் ஆங்காங்கே லிம்போசைட்டுகள் என்னும் வெள்ளணுக்கள் முடிச்சு முடிச்சாகத் திரண்டிருப்பதும், அமைதியாகத் தோன்றும் செல்களுக்கிடையே பெரிய, கருத்த உட்கருக்கள் சில தென்படுவதும் மெலனோமாவின் பக்கம் நம்மைத் திருப்ப வேண்டும்.

சாயங்களுக்கு வந்தால், அதிகம் பேர் வழுக்குவது மெலனோசைட்டுகளை அடையாளம் காட்டும் மெலான்-ஏ, எச்எம்பி-45 ஆகிய இரண்டிலும்தான். இவை நெகட்டிவ் என்றால் மெலனோமா இல்லை என்று எழுதிவிடுகிறார்கள். இந்த வகையிலோ அவை நெகட்டிவாக இருப்பதுதான் வழக்கம். எஸ்-100, நரம்பு முகட்டிலிருந்து வந்த செல்களைக் காட்டும் சாக்ஸ்-10 ஆகிய இரண்டும் கட்டி முழுவதும் அழுத்தமாகப் பிடித்தால், அது புற நரம்பு உறையில் தோன்றும் புற்றுக்கட்டியாக இருக்கும் வாய்ப்புக் குறைகிறது, ஏனெனில் அதில் இவை திட்டுத் திட்டாகவோ, அறவே பிடிக்காமலோ இருக்கும். ஆனால் தீங்கற்ற நியூரோஃபைப்ரோமாவிலும் இவ்விரண்டும் பிடிக்கும் என்பதால், அங்கே சிடி-34 சாயம் வலை போலப் பரவியிருக்கிறதா என்று பார்ப்பது உதவும்; பரவியிருந்தால் அது நியூரோஃபைப்ரோமாவுக்குச் சாதகம். டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதத்தின் ஒரு வேதிக் குறியைக் காட்டும் எச்3கே27எம்இ3 சாயம் அறவே மறைந்திருப்பது நரம்பு உறைப் புற்றுக்குச் சாதகமான சான்று. எனினும் சில மெலனோமாக்களிலும் அது மறைவதால் தனிச் சான்றாகக் கொள்ள வேண்டாம். மரபணு அறிக்கையில், நரம்புக் கட்டிகளோடு தொடர்புள்ள என்எஃப்-1 மரபணுவில் மாற்றம் இருப்பதைக் கண்டு நரம்புக் கட்டி என்று முடிவுகட்டுவதும் தவறு, டெஸ்மோபிளாஸ்டிக் மெலனோமாவிலும் அதே மரபணு அடிக்கடி பழுதடைகிறது.

இந்தப் பெயர் மாறினால் சிகிச்சையே மாறிவிடுகிறது. முற்றிய டெஸ்மோபிளாஸ்டிக் மெலனோமா உள்ள 60 பேருக்கு, நோயெதிர்ப்புச் செல்களின் தடையை நீக்கிப் புற்றைத் தாக்கவைக்கும் பிடி-1 தடுப்பு மருந்து கொடுத்ததில் 42 பேருக்குக் கட்டி சுருங்கியதாக 2018-இல் ஓர் ஆய்வு வெளியானது. நரம்பு உறைப் புற்றில் அத்தகைய பலன் எதிர்பார்க்கப்படுவதில்லை, அறுவை சிகிச்சையே முதன்மையானது. நியூரோஃபைப்ரோமா என்று தவறாக எழுதப்பட்டவரோ, நோய் நரம்பின் வழியே உள்ளே சென்றுகொண்டிருக்க, நிம்மதியாக வீடு திரும்பிவிடுவார்.

மேலோட்டமாகச் சீவி எடுத்த துண்டில் ஐயம் தீரவில்லை என்றால், ஆழமான பயாப்சி தேவை என்று அறிக்கையில் வெளிப்படையாக எழுதுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு முகத்திலோ உச்சந்தலையிலோ புதிதாக வந்த கட்டி நியூரோஃபைப்ரோமா என்று முடிவாகியிருந்தால், ஆய்வகத்தில் வைத்திருக்கும், திசுவைப் பதித்த மெழுகு பிளாக்கையும் ஸ்லைடுகளையும் கேட்டு வாங்கி, தோல் நோய்க்குறியியலில் அனுபவமுள்ள ஒருவரிடம் மறுமுறை காட்டுங்கள்.