கதைக்கப் பயமில்லாத ஊர்

(கிளிநொச்சி மாவட்டக் கிராமம் ஒன்றின் பொதுநோக்கு மண்டபத்தில் உளவளத்துணையாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அம்மாமாருக்கும் ஐயாமாருக்கும், பின்னால் கதவோரமாக நிற்கும் தம்பிமாருக்கும் வணக்கம். உள்ளே வந்து இருங்கள் என்று தம்பிமாரை நான் கூப்பிடப் போவதில்லை. வெளியே போகும் வழி கண்ணில் பட்டால்தான் சிலருக்கு நிம்மதி. அது ஏன் என்பதைப் பற்றித்தான் இன்று கதைக்க வந்தேன்.

வெண்ணிப் போரில் கரிகாலனோடு பொருத சேரமான் பெருஞ்சேரலாதன், முதுகில் பட்ட புண்ணுக்கு நாணி, வடக்கு நோக்கி இருந்து உண்ணாமல் உயிர்விட்டான். காயம் ஒருவேளை ஆறியிருக்கும். நாணத்தை ஆற்ற அவனுக்கு ஆள் இருக்கவில்லை. இந்தக் கதையை நாங்கள் பெருமையோடுதான் படித்தோம். எனக்கு இப்போது அது பெரிய துயரமாகத் தெரிகிறது. கால் இழந்து வந்தவருக்கு பஸ்ஸில் எழும்பி இடம் கொடுக்கிற நாங்கள், நித்திரை இழந்து வந்தவரை 'விசர்' என்று ஒரு சொல்லில் ஒதுக்கிவிடுகிறோம்.

ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஆளை யாரும் கண்டுபிடிக்க முடியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன். மகளின் பிறந்தநாள். பிள்ளைகள் பலூன் ஊதிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒன்று வெடித்தது. அடுத்த கணம் தகப்பன் மேசைக்குக் கீழே, இரண்டு கையாலும் தலையைப் பொத்தியபடி கிடந்தார். பிள்ளைகள் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார்கள். அவர் எழும்பி, சேர்ட்டைத் தட்டிவிட்டு, ஒரு சொல்லும் சொல்லாமல் வயல் பக்கம் போனார். கேக் வெட்டும்போது ஆள் இல்லை. 'அண்டைக்குப் பிறகு அவர் பிள்ளையின் முகத்தை நேரே பார்க்கிறதில்லை' என்று மனைவி என்னிடம் சொன்னார். சத்தம் கேட்டுக் குனிந்தது ஒரு நொடி. பிள்ளைகள் முன்னால் பட்ட வெட்கம் மாதக் கணக்காக அவரைத் தின்றது.

அவர் கோழையல்ல. செல்லடிக்கும் கிபிர் விமானக் குண்டுக்கும் நடுவில் ஆண்டுக் கணக்காக உயிரைக் காப்பாற்றிக் கொடுத்த உடம்பு அது. சத்தம் கேட்டவுடன் குனியப் பழகிய உடம்புக்கு, 2009 மே மாதத்தோடு சண்டை முடிந்துவிட்டது என்று இன்னும் தெரியவில்லை. கெட்ட கனவு, திடீர்க் கோபம், யாரோடும் ஒட்டாமை, உயிர் தப்பியதற்கே குற்றவுணர்வு எல்லாம் இதோடு சேர்ந்து வருபவை. இதைத்தான் மனவடு நோய் என்கிறோம். எங்கள் ஆட்கள் அதை மனவருத்தம் என்று சொல்லிக்கொண்டு வருவதும் குறைவு. நெஞ்சு இடிக்குது, தலையிடிக்குது, பெருமூச்சு வருது என்பார்கள். பனடோல் வாங்கிக்கொண்டு திரும்புவார்கள்.

போர்க்களத்துக்குப் போன எல்லோருக்கும் இது வருவதில்லை. வந்தவர்கள் பலர் சுகப்படுகிறார்கள். தெற்கில் இருந்து வந்து சண்டை பிடித்த சிப்பாய்களிலும் இதே கனவு கண்டு அலறுகிறவர்கள் உண்டு. அவர்களின் மனைவிமாரும் இதே இரவுகளைத்தான் கழிக்கிறார்கள். அவர்களுக்கு ஓய்வூதியமும் இராணுவ வைத்தியசாலையும் இருக்கிறது. இயக்கத்தில் இருந்த எங்கள் பொடியன்களுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் அதுவும் இல்லை.

வியட்நாமில் இருந்து திரும்பிய அமெரிக்கப் படையினரை முதலில் அவர்கள் நாட்டு வைத்தியர்களே சரியாக விளங்கிக்கொள்ளவில்லை. 1970களின் தொடக்கத்தில் அந்தப் படையினர் தாங்களாகவே சின்னக் குழுக்களாக இருந்து கதைக்கத் தொடங்கினார்கள். சில மனநல வைத்தியர்கள் அவர்களோடு போய் இருந்து கேட்டார்கள். அந்த அழுத்தமும் சேர்ந்துதான் 1980ல் இந்த மனவடு நோய் அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் ஏறியது. 1979ல் இருந்து அங்கே வைத்தியசாலைக்கு வெளியே, கடைத்தெருக்களில் உதவி நிலையங்கள் திறந்தார்கள். அங்கே உளவளத்துணை செய்தவர்களில் பலர் தாங்களே போருக்குப் போய் வந்தவர்கள்.

இப்போது வன்னிக்கு வாருங்கள். இங்கே நான்கு முன்னாள் போராளிகள் ஒரு மர நிழலில் இருந்து கதைத்தால் என்ன நடக்கும்? யார் வந்தது, என்ன கதைத்தது என்று அடுத்த நாள் விசாரணை வரும் என்று பயப்படுகிறார்கள். அந்தப் பயம் காற்றில் இருந்து வரவில்லை. ஏறக்குறைய 12,000 பேர் புனர்வாழ்வு முகாம்களுக்குப் போய் வந்தார்கள். தையல், மேசன் வேலை என்று தொழில் பழக்கினார்கள், சரி. ஆனால் காவலுக்குள் இருக்கிற ஒருவர் யாரிடம் மனம் திறப்பார்? வெளியே வந்த பிறகும் வீடு தேடி வந்து கேள்வி கேட்டால் அந்தக் காயம் எப்படி ஆறும்? அரசாங்கத்திடம் நான் கேட்பது முதலில் இதைத்தான்: விசாரிப்பதை நிறுத்துங்கள். அதற்குப் பிறகு உளவளத்துணை பற்றிக் கதைக்கலாம்.

பெண் பிள்ளைகளின் நிலை இன்னும் மோசம். 'இயக்கத்தில் இருந்தவள்' என்று கலியாணப் பேச்சைக் குழப்பியது இராணுவமல்ல, நாங்கள்தான். அதை இந்த மண்டபத்தில் சொல்லத்தான் வேண்டும்.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? கதை கதை என்று வற்புறுத்தாதீர்கள். நடந்ததை எல்லாம் ஒரே இருப்பில் கொட்ட வைத்தால் சுகம் வரும் என்பது பிழை. சிலருக்கு அது வருத்தத்தைக் கூட்டும். பக்கத்தில் இருங்கள். அவராகச் சொல்லும்போது 'அதை மற' என்று வாயை மூடாதீர்கள். இரவில் அலறினால் தொட்டு உலுப்பாதீர்கள். கொஞ்சம் எட்ட நின்று, வெளிச்சத்தைப் போட்டு, பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். இது எங்கட வீடு, நான் இன்னார் என்று சொல்லுங்கள். கோயில் திருவிழாவுக்கு வெடி கொளுத்துவதென்றால் எத்தனை மணிக்கு என்று முன்கூட்டியே ஒலிபெருக்கியில் அறிவிக்க நிர்வாக சபைகளைக் கேட்கிறேன். கசிப்புச் சாராயம் குடித்தால் நித்திரை வருவதுபோல இருக்கும். நடுச்சாமத்தில் கனவை இன்னும் கொடுமையாக்கும்.

கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்ட வைத்தியசாலைகளில் உளநலப் பிரிவு இருக்கிறது. குளிசை தந்தால் பலன் தெரியச் சில கிழமைகள் எடுக்கும். கேட்காமல் இடையில் நிறுத்த வேண்டாம். உயிரை விடலாம் என்று யாராவது சொன்னால் விளையாட்டாக எடுக்காதீர்கள், தனியே விடாதீர்கள். 1926 என்ற உளநல உதவித் தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்தால் தமிழில் கதைக்கலாம்.

கிளினிக்குக்குத் தனியே போக வெட்கப்படுகிறவர்கள் இங்கேயே இருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். மாதர் சங்கத்து அம்மாமாரே, கிளினிக் நாளில் இரண்டு பேர் முறை வைத்து அவர்களோடு பஸ் ஏறுங்கள். வைத்தியர் அறைக்கு வெளியே வாங்கில் இருந்தால் போதும். அத்தோடு இந்த மண்டபத்தைக் கிழமைக்கு ஒரு பின்னேரம் அவர்களுக்கு ஒதுக்கித் தாருங்கள். பதிவுப் புத்தகம் வேண்டாம், படம் எடுக்க வேண்டாம். தேத்தண்ணிக்கு ஒரு கேத்தில் போதும். கூட்டம் முடிந்ததும் திறப்பு யாரிடம் இருக்கிறது என்று தலைவரிடம் கேட்பேன். எந்த நாள் என்று இன்றைக்கே முடிவெடுத்துவிட்டுப் போவோம்.