மூன்று காய்களும் ஒரு பழைய புத்தகமும்

(திருகோணமலையில் சதுரங்கம் பயிலும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, பெற்றோர்களே, பிள்ளைகளே,

கைபேசியில் நாளுக்கு இருபது ஆட்டம் ஆடும் பிள்ளைக்கு நூறு வருடத்துப் பழைய புத்தகம் எதற்கு என்று, வாசலிலேயே ஒரு தந்தையார் என்னை மறித்துக் கேட்டார். நியாயமான கேள்விதான்.

கியூபாவைச் சேர்ந்த கப்பபிளாங்கா, எமானுவேல் லாஸ்கரை வென்று உலகச் சம்பியனான அதே 1921ஆம் ஆண்டில், தொடக்கநிலையாளருக்கான தமது பாடநூலை வெளியிட்டார். எந்தக் காயை முதலில் நகர்த்துவது என்று அந்நூல் தொடங்கவில்லை. பலகையில் இரண்டு மூன்று காய்களே எஞ்சியிருக்கும் கடைசி நிலையிலிருந்து தொடங்குகிறது. அதன் காரணத்தை இந்தப் பலகையிலேயே பாருங்கள். வெள்ளை அரசன் ஈ6இல் (அதாவது ‘ஈ’ நெடுவரிசையில், வெள்ளையின் பக்கமிருந்து ஆறாம் கட்டத்தில்), அதன் காலாள் பின்னால் ஈ5இல், கறுப்பு அரசன் ஈ8இல் நிற்கின்றன. நகர்த்தும் முறை யாருடையதானாலும் வெள்ளை வெல்லும். இப்போது அரசனையும் காலாளையும் இடம் மாற்றி, காலாளை முன்னால் வைக்கிறேன். கறுப்பு தவறாமல் ஆடினால், வெள்ளை என்ன செய்தாலும் சமநிலைதான். காலாளுக்கு ஆபத்து வராத அளவுக்கு அரசனை முன்னே நடத்து, கட்டாயம் வரும்வரை காலாளைத் தொடாதே என்பதே கப்பபிளாங்கா தரும் விதி.

இதை அறியாமல், பதினாறு வயதில், கையில் வந்த ஆட்டமொன்றில் காலாளை ஓடவிட்டுச் சமநிலையில் முடித்தவன் நான். எதிரே இருந்த பையன் சிரிக்கக்கூட இல்லை, அதுதான் வலித்தது.

பழைய நூல்களில் குறையில்லை என்று சொல்லமாட்டேன். அவை புகழ்ந்த ஆரம்ப ஆட்டங்கள் சிலவற்றை இன்றைய கணினி ஒரு நொடியில் உடைத்துவிடும். பழைய ஆங்கில நூல்களில் ஒவ்வொருவரும் தம் பக்கத்திலிருந்தே கட்டங்களை எண்ணுவதால், ஒரே கட்டத்துக்கு இரண்டு பெயர்கள் உண்டு. அதைப் பழகப் பிள்ளைக்கு ஒரு மாலைப்பொழுது போதும், பெரியவர்களுக்குத்தான் இரண்டு மாலைகள் வேண்டும்.

ஆனால், கணினி சிறந்த நகர்த்தலை, யார் எவ்வளவு முன்னிலை என்று மதிப்பிடும் ஓர் எண்ணோடு காட்டி நின்றுவிடுகிறது. ஏன் என்பதைச் சொல்வதில்லை. லாஸ்கர் 1895இல் லண்டனில் மனிதர்களுக்கு முன்னால் நின்று ஆற்றிய பன்னிரண்டு விரிவுரைகளே மறு ஆண்டு நூலாயின. எதிரே அமர்ந்திருப்பவருக்குக் காரணம் சொல்லியாகவேண்டிய கட்டாயம் அந்தப் பக்கங்களில் தெரிகிறது. தொடக்கநிலைப் பிள்ளைக்கு வேண்டியது அந்தக் காரணமே. ஆகவே புத்தகத்தைத் திறந்து, ஒவ்வொரு நகர்த்தலையும் கையால் பலகையில் வைத்து, அடுத்த வரியை ஒரு கடதாசியால் மூடிவிட்டு, முதலில் பிள்ளையின் பதிலைக் கேளுங்கள்.

வருகிற சனிக்கிழமை புத்தகத்தை நான் கொண்டு வருகிறேன். நீங்கள் பலகையோடு இரண்டு அரசர்களையும் ஒரு காலாளையும் கொண்டு வந்தால் போதும்.