17 கோலுக்கு 9 புள்ளி, 14 கோலுக்கு 27 புள்ளி

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அரங்கம் நிறைந்திருக்கும் கால்பந்து ரசிகர்களே, வணக்கம்.

ஸ்பெயினின் முதல்நிலை கால்பந்து லீகான லா லிகாவின் 2013-14 பட்டத்தை அட்லெட்டிகோ மாட்ரிட்டுக்கு வென்று தந்தது தாக்குதலா, தடுப்பாட்டமா? தடுப்பாட்டமே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் ஒரு கணக்கை வைத்துவிட்டு அமர்ந்தார். முந்தைய சீசனில் அட்லெட்டிகோ 65 கோல் அடித்தது, 31 வாங்கியது, மூன்றாம் இடம். பட்டம் வென்ற சீசனில் 77 அடித்தது, 26 வாங்கியது. அடித்ததில் 12 கூடியிருக்கிறது, வாங்கியதில் 5தான் குறைந்திருக்கிறது, ஆகவே தாக்குதல்தான் தூக்கிவிட்டது என்றார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கோலை எண்ணினால் மட்டும் போதாது ஐயா, அந்தக் கோல் எந்த ஆட்டத்தில் விழுந்தது என்று பார்க்க வேண்டும்.

ராயோ வாயேகானோவை 5-0, பெட்டிஸை 5-0, ஹெட்டாஃபேயை 7-0. இந்த மூன்று ஆட்டங்களில் மட்டும் 17 கோல். கிடைத்தது 9 புள்ளி. மூன்றையும் 1-0 என்று முடித்திருந்தாலும் அதே 9 புள்ளிதான்.

இப்போது மார்ச், ஏப்ரலுக்கு வாருங்கள். ரியல் மாட்ரிட்டோடு 2-2 டிரா ஆன பிறகு அட்லெட்டிகோ வரிசையாக ஒன்பது ஆட்டங்களை வென்றது. செல்டா 2-0, எஸ்பான்யோல் 1-0, பெட்டிஸ் 2-0, கிரனாடா 1-0, அத்லெட்டிக் பில்பாவோ 2-1, வியாரியல் 1-0, ஹெட்டாஃபே 2-0, எல்சே 2-0, வலென்சியா 1-0. அடித்தது 14. வாங்கியது ஒன்றே ஒன்று. கிடைத்தது 27 புள்ளி! இதில் நான்கு ஆட்டங்கள் 1-0. அவற்றில் இரண்டில் மட்டும் கடைசி நேரத்தில் ஒரு கோல் விட்டிருந்தால், வெற்றி டிரா ஆகி, மூன்று புள்ளிக்குப் பதில் ஒன்றே கிடைத்து, மொத்தம் நான்கு புள்ளி போயிருக்கும். 90 புள்ளி 86 ஆகியிருக்கும். பார்சிலோனாவும் ரியல் மாட்ரிட்டும் முடித்தது 87-ல். பட்டம் வென்ற அணி மூன்றாம் இடத்துக்கு இறங்கியிருக்கும். அவ்வளவு மெல்லிய கயிறு அது.

அடித்ததைத்தான் பார்ப்போம் என்றால், அந்த ஆண்டு ரியல் மாட்ரிட் 104, பார்சிலோனா 100. கோல் எண்ணிக்கைக்குப் பட்டம் கொடுப்பதாக இருந்தால் அட்லெட்டிகோவுக்கு மூன்றாம் இடம்தான்.

சரி, அந்தத் தடுப்பு எப்படி வேலை செய்தது? "பின்னால் பத்துப் பேரைக் குவித்து வைத்தார்கள்" என்று எதிரணியில் ஒருவர் சொன்னார். மன்னிக்க வேண்டும், அது அந்த உழைப்பைப் பார்க்காதவர் பேச்சு. பயிற்சியாளர் சிமியோனே வைத்தது 4-4-2. பின்வரிசையில் ஹுவான்ஃபிரான், மிராண்டா, கோடின், ஃபிலிப்பே லூயிஸ். அவர்களுக்கு முன்னால் நால்வர். நடுவில் கேப்டன் கபியும், தியாகோ அல்லது மரியோ சுவாரஸும். ஓரத்தில் நிற்க வேண்டிய கோகேயும் அர்தா துரானும் ஓரத்தில் நிற்கவே மாட்டார்கள். உள்ளே நெருங்கி வந்து நடுவாசலை அடைப்பார்கள். முன்னால் இருக்கும் கோஸ்டாவும் வியாவும் எதிரணியின் நடுத் தடுப்பாளரை, அதாவது சென்டர்பேக்கை, வீணாகத் துரத்துவதில்லை. அவரிடமிருந்து நடுக்களத்துக்குப் பாஸ் போகும் பாதையில் நின்றுகொள்வார்கள். நடுவே வழி இல்லாததால் பந்து தானாக ஓரத்துக்குப் போகும். போகட்டும் என்றுதான் காத்திருப்பார்கள்.

எதிரணியின் ஓரத் தடுப்பாளர், அதாவது ஃபுல்பேக், கோட்டோரத்தில் பந்தை வாங்கும் அந்த நொடியில், முகம் தன் கோல் பக்கம் திரும்பியிருந்தாலோ, முதல் தொடுதலில் பந்து கொஞ்சம் விலகினாலோ, நான்கு பேர் பாய்வார்கள். அந்தப் பக்கத்து நடுக்கள வீரர் நேராக, கபி உட்புறமாக, முன்கள வீரர் பின்பாஸை மறித்து, அட்லெட்டிகோவின் ஃபுல்பேக் கோட்டை ஒட்டி. ஐந்தாவது ஆளாகக் கோடே நிற்கிறது. மீதி அணி முழுவதும் அந்தப் பக்கமே சாய்ந்துவிடும். எதிர் ஓரம் காலியாகக் கிடக்கும். அங்கே நீளமாகத் தூக்கிப் போட்டால்? பந்து காற்றில் இருக்கும் நேரத்தில் எட்டுப் பேரும் சேர்ந்து நகர்ந்து போய் நிற்க வேண்டும். ஒருவர் தாமதித்தாலும் ஓட்டை விழும். அதையும் மீறி கிராஸ் வந்தால், தலையால் அடித்துத் துரத்த கோடினும் மிராண்டாவும், பறித்தெடுக்க ஏறத்தாழ இரண்டு மீட்டர் உயரக் கோல்கீப்பர் கோர்துவாவும். அந்தக் கோர்துவா 37 ஆட்டங்களில் 24 கோல்தான் விட்டு, மிகக் குறைவாகக் கோல் விடும் கோல்கீப்பருக்கான ஸமோரா விருதை வாங்கினார்.

இது உடைந்ததே இல்லையா? உடைந்தது. மறைக்க மாட்டேன். எஸ்பான்யோல் மைதானத்தில் 0-1, அல்மேரியாவில் 0-2, ஒசாசுனாவில் 0-3, லெவான்டேயில் 0-2. இந்த ஓட்டத்துக்கு உடல் வேண்டும். ஸ்பெயினின் கோப்பைப் போட்டியான கோப்பா டெல் ரே அரையிறுதியும், ஐரோப்பிய கிளப்புகளின் சாம்பியன்ஸ் லீகும் சேர்ந்து நெருக்கிய பிப்ரவரியில்தான் அல்மேரியா, ஒசாசுனா தோல்விகள் இரண்டும் வந்தன. அல்மேரியாவில் கோர்துவா இல்லை. மாற்றுக் கோல்கீப்பருக்குச் சிவப்பு அட்டை. மாற்று ஆள் இறக்க வழியில்லாமல் கபியே கையுறை மாட்டிக்கொண்டு பெனால்டிக்கு நின்றார். இன்னொன்றைக் கவனியுங்கள் நடுவர் அவர்களே. தோற்ற இந்த நான்கு ஆட்டங்களிலும் அட்லெட்டிகோ ஒரு கோல்கூட அடிக்கவில்லை! எதிரணி கொண்டாடும் தாக்குதல், தடுப்பு சரிந்த நாளில் எங்கே போனது? அந்த நான்கில் வாங்கியது 8. மீதி 34 ஆட்டங்களில் வாங்கியது வெறும் 18.

காசு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். அன்று ஒவ்வொரு கிளப்பும் தன் தொலைக்காட்சி உரிமையைத் தனித்தனியே விற்றது. பார்சிலோனாவுக்கும் ரியல் மாட்ரிட்டுக்கும் கிடைத்தது அட்லெட்டிகோவைப்போல மூன்று மடங்குக்கும் மேல். முந்தைய சீசனில் லீகில் 28 கோல் அடித்த ஃபால்காவோவை மொனாக்கோவுக்கு விற்ற கிளப் இது. கோல் அடிப்பவனைச் சந்தையில் வாங்க அதனிடம் பணமில்லை. எட்டுப் பேர் சேர்ந்து நகர்வதைச் சந்தையில் விற்பதில்லை. பயிற்சி மைதானத்தில்தான் செய்தாக வேண்டும்.

டியாகோ கோஸ்டாவின் 27 கோலை நான் குறைத்துப் பேசவில்லை. எஸ்பான்யோல், கிரனாடா இரண்டு 1-0-வும் அவர் போட்ட கோல்தான். ஆனால் பட்டம் முடிவான 2014 மே 17-க்கு வாருங்கள்.

பார்சிலோனாவின் மைதானமான கேம்ப் நோ. சீசனின் கடைசி ஆட்டம். புள்ளியில் அட்லெட்டிகோ 89, பார்சிலோனா 86. ஸ்பெயினில் புள்ளி சமமானால் கோல் வித்தியாசம் பார்ப்பதில்லை, இரு அணிகளும் நேருக்கு நேர் மோதிய முடிவைத்தான் முதலில் பார்ப்பார்கள். முதல் மோதல் 0-0. ஆக பார்சிலோனா வென்றால் பட்டம் அவர்களுக்கு. டிரா போதும் அட்லெட்டிகோவுக்கு. 16வது நிமிடத்தில் கோஸ்டா காயத்தோடு வெளியே. 23வது நிமிடத்தில் அர்தா துரான் கண்ணீரோடு வெளியே. அரை மணி தாண்டியதும் அலெக்ஸிஸ் சான்செஸ் மேல்மூலையில் இடிபோல ஒன்றை அடித்தார். இடைவேளை முடிந்து வந்த சில நிமிடங்களில் கபியின் கார்னர். கூட்டத்துக்கு மேலே எழும்பித் தலையால் முட்டி உள்ளே தள்ளியவர் யார்? சென்டர்பேக் கோடின்! 1-1. மீதி நேரம் முழுவதும் பார்சிலோனா முட்டி மோதியது. மெஸ்ஸி வலைக்குள் அடித்த ஒன்று ஆஃப்சைட் ஆனது. வேறெதுவும் நுழையவில்லை.

அது ஒருநாள் அதிர்ஷ்டமும் இல்லை. சூப்பர் கோப்பை, லீக், சாம்பியன்ஸ் லீக் என்று அந்த சீசனில் இரு அணிகளும் ஆறு முறை மோதின. நூறு கோல் அடித்த பார்சிலோனா அந்த ஆறிலும் சேர்த்து அடித்தது மூன்று. ஒன்றில்கூட வெல்லவில்லை. மெஸ்ஸி ஒரு கோலும் போடவில்லை.

அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பரிடம் ஒன்று கேட்டு அமர்கிறேன். தாக்குதல்தான் பட்டம் வாங்கித் தந்தது என்கிறீர்கள். அந்த 27 கோல்காரர் கேம்ப் நோவில் வெளியேறிய பிறகு ஓடிய 74 நிமிடத்துக்குக் கணக்குச் சொல்லுங்கள்.

வணக்கம்.