திருடர்களைப் பிடித்தார்களா?

நேயர்களுக்கு வணக்கம்.

கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளிகளில் சமயப் பாடம் எடுக்கப்போகிற பயிற்சி ஆசிரியர்களின் வகுப்பில், கடைசி பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பெடுப்பது என் வேலை.

அப்படி ஒரு நாள் மூன்றாம் வகுப்பு. பாடம், நல்ல சமாரியர் உவமை: வழியில் திருடர்கள் அடித்துப் போட்ட ஒருவனுக்குச் சமாரியர் இனத்தவர் ஒருவர் கட்டுப்போட்டு, சாவடியில் சேர்த்துக் காப்பாற்றுகிறார் என்று இயேசு யூதர்களிடம் சொன்ன கதை. பயிற்சி ஆசிரியை அழகாகக் கதை சொன்னார், படம் காட்டினார், குழந்தைகளை நடிக்கவும் வைத்தார். முடித்ததும் ஒரு பையன் எழுந்தான். "மிஸ், அந்தத் திருடங்களைப் பிடிச்சாங்களா?"

வகுப்பே சிரித்தது. "அதெல்லாம் பைபிள்ல இல்ல, உட்காரு" என்றார். அப்புறம் 'பிறருக்கு உதவுவோம்' என்று பலகையில் எழுதினார். மணி அடித்துவிட்டது.

அவர் சொன்னது தப்பில்லை. இந்த உவமை வருகிற லூக்கா நற்செய்தியில் அந்தத் திருடர்கள் என்ன ஆனார்கள் என்று இல்லைதான். ஆனால் பையன் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அடிபட்டவனுக்குக் கட்டுப்போட்டால் போதுமா, அடித்தவனை யார் கேட்பது? பெரியவர்களே முட்டிக்கொள்கிற கேள்வி அது. "தெரியலையே, நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று வகுப்பிடமே விட்டிருக்கலாம்.

மாலையில் பேசிப் பார்த்தேன். யூதரும் சமாரியரும் பழகமாட்டார்கள் என்பதே அவருக்குத் தெரியவில்லை. அது தெரியாவிட்டால் உவமையில் மிஞ்சுவது 'உதவி செய்' மட்டும்தான். அடிபட்டவனைக் கவனிக்கச் சொல்லிச் சமாரியர் சாவடிக்காரரிடம் கொடுத்த இரண்டு தெனாரியக் காசும் அப்படித்தான். ஒரு தெனாரியம் என்பது ஒரு கூலியாளின் ஒரு நாள் சம்பளம். முன்பின் தெரியாதவனுக்காக இரண்டு நாள் கூலி! இதைச் சொன்னால் எட்டு வயதுக் குழந்தை கண்ணை விரிக்கும்.

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, தவறு பயிற்சி தருகிற எங்களுடையது. பாட்டு, படம், பாடக்குறிப்பு என்று பயிற்சிக் காலம் ஓடிவிடுகிறது. வருகிறவர்களில் பலர், சிறுவயதில் முதன்முறையாக நற்கருணை பெறும் புதுநன்மை வாங்கியதோடு, கோவிலில் படித்த மறைக்கல்விப் புத்தகத்தை மூடியவர்கள். பத்து வயதில் கற்றதை வைத்துக்கொண்டு எட்டு வயதுக் குழந்தையிடம் எத்தனை நாள் சமாளிப்பது? 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம், 804-ஆம் எண்ணில், சமய ஆசிரியரிடம் சரியான போதனை, வாழ்வின் சாட்சியம், கற்பிக்கும் திறமை என்று மூன்றைக் கேட்கிறது. நாங்கள் மூன்றாவதை மட்டும் பழக்கிவிட்டு, மற்ற இரண்டும் தானாக வரும் என்று இருந்துவிடுகிறோம்.

இன்னொன்று. பள்ளியின் சமயக் கல்வி வேறு, பங்குக் கோவிலில் நடக்கும் மறைக்கல்வி வேறு, இரண்டும் ஒன்றுக்கொன்று துணை என்று வத்திக்கானின் கல்விப் பேராயம் 2009-இல் எழுதிய மடலில் சொல்லியிருக்கிறது. வகுப்பில் பிற சமயக் குழந்தைகளும் இருக்கக்கூடும். "நாம் நம்புகிறோம்" என்பதை "கத்தோலிக்கர் நம்புகிறார்கள்" என்று மாற்றிச் சொன்னால், அந்தக் குழந்தையும் ஒதுங்காமல் உட்கார்ந்து கேட்கும்.

அதே ஆசிரியை மறுவாரம் வேறொரு பிரிவில் அந்த உவமையையே எடுத்தார். இந்த முறை இரண்டு தெனாரியத்தில் ஆரம்பித்தார். மீதிச் செலவைத் திரும்பி வரும்போது தருவதாகச் சமாரியர் சொன்ன இடத்தில் ஒரு சிறுமி கை தூக்கினாள். "அவர் திரும்பி வந்தாரா மிஸ்?"

ஆசிரியை என்னைப் பார்த்தார். நான் குறிப்பேட்டில் குனிந்துகொண்டேன்.