மார்த்தாள் சொன்னபடியே இருக்கட்டும்

(வேதாகம ஞாயிறு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அன்பான சபையாரே,

வேதாகமத்தில் கூச வைக்கிற சொற்கள் இருக்கின்றன. எசேக்கியேல் 23-ஐக் குடும்ப ஜெபத்தில் வாசிக்க ஆரம்பித்துப் பாதியில் பக்கத்தைத் திருப்பியவர்கள் இங்கேயும் இருப்பீர்கள். இப்படிப்பட்ட இடங்களை மொழிபெயர்ப்பாளர் நாசூக்காக மாற்றிவிடலாமா என்பதுதான் இன்றைய கேள்வி.

மாற்றிப் பார்த்தவர் ஒருவர் உண்டு. அமெரிக்க அகராதிக்காரர் நோவா வெப்ஸ்டர் 1833-ல் கிங் ஜேம்ஸ் ஆங்கில வேதாகமத்தைத் திருத்தி வெளியிட்டார். நாற்றம், வேசி, கர்ப்பப்பை போன்ற சொற்களைக் குறிக்கும் பச்சையான ஆங்கிலச் சொற்களை எடுத்துவிட்டு நயமான சொற்களைப் போட்டார். பெண்களும் பிள்ளைகளும் இருக்கிற இடத்தில் வாசிக்கச் சங்கடமாக இருக்கிறதே என்ற கவலை அவருக்கு. நல்ல எண்ணம்தான். ஆனால் அதனால் என்ன இழக்கிறோம் என்று பாருங்கள்.

யோவான் 11-ம் அதிகாரம். இயேசு உயிரோடு எழுப்பிய லாசருவின் கல்லறை. கல்லை எடுத்துப்போடுங்கள் என்கிறார் இயேசு. லாசருவின் சகோதரி மார்த்தாள் குறுக்கே வருகிறாள்: "ஆண்டவரே, இப்பொழுது நாறுமே, நாலுநாளாயிற்றே." நம் பழைய திருப்புதல், அதாவது பழைய தமிழ் மொழிபெயர்ப்பு, இதில் கொஞ்சமும் பூசி மெழுகவில்லை. சாவு வீட்டில் அழுது ஓய்ந்த ஒரு பெண் எப்படிப் பேசுவாளோ அப்படியே இருக்கிறது. சற்று முன்புதான் அவள் "நீர் தேவகுமாரனாகிய கிறிஸ்து" என்று அறிக்கை செய்தாள். விசுவாசம் இருந்தது, ஆனாலும் கல்லறை திறந்தால் நாறும் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டால், தூங்கியவன் எழுந்து வந்தது மாதிரி ஆகிவிடும் கதை.

அப்புறம் அப்போஸ்தலன் பவுல். பிலிப்பியர் 3-ல் எல்லாவற்றையும் "குப்பையுமாக" எண்ணுகிறேன் என்கிறார். கிரேக்கத்தில் அவர் எழுதிய சொல் கழிவையும் மலத்தையும் சேர்த்துக் குறிக்கும். 1611-ல் வந்த கிங் ஜேம்ஸ் சாணம், மலம் என்ற பொருள்படவே போட்டது. நாம் குப்பை என்று சொல்லி நிறுத்திக்கொண்டோம். எதைப் பற்றி அப்படிச் சொன்னார்? சில வசனங்கள் முன்னே போங்கள். இஸ்ரவேல் வம்சத்தான், பென்யமீன் கோத்திரத்தான், எபிரெயரில் பிறந்த எபிரெயன். பிறப்பும் குலமும்! அதைத்தான் அருவருத்துத் தள்ளுகிறார். சாதி பார்த்துப் பெண் கொடுக்கிற, சாதி பார்த்துக் கல்லறைத் தோட்டத்தைப் பிரிக்கிற சபைகள் நம்மிடம் இன்னும் இருக்கின்றன. குப்பை என்றால் ஒரு மூலையில் ஒதுக்கி வைக்கலாம், வேண்டும்போது கிளறி எடுக்கலாம். பவுல் சொன்னதை யாரும் கையால் தொட மாட்டார்கள். அந்த வேகம் நம் சபைகளுக்கு வேண்டும் என்று நான் மனதார நம்புகிறேன்.

"சரி, பவுலே அப்படிப் பேசினார், நாங்கள் பேசினால் என்ன?" என்று வாலிபர் சிலர் கேட்கிறார்கள். பவுல் அந்தச் சொல்லை வீசியது தன்னுடைய பெருமையின்மேல். பக்கத்து வீட்டுக்காரன்மேல் வீசவில்லை. கள்ளப் போதகர்களை அவர் கடுமையாகச் சாடியதும் உண்மைதான்; அது சபையைக் காக்கிற கோபம். "கெட்ட வார்த்தை ஒன்றும் உங்கள் வாயிலிருந்து புறப்படவேண்டாம்" என்று எபேசியர் 4:29-ல் எழுதியிருப்பதும் அவர் பெயரில்தான். வண்டி உரசியதற்காக ஒருவன் தாயை இழுத்துத் திட்டுகிறவன் பவுலைத் துணைக்குக் கூப்பிட முடியாது.

ஆனால் மாற்றியே ஆக வேண்டிய சொற்களும் நம் வேதாகமத்தில் இருக்கின்றன. சப்பாணி, ஊமையன், குஷ்டரோகி. வேதாகமத்தை எழுதியவர்கள் இவர்களைப் புண்படுத்த நினைக்கவில்லை. அந்தச் சொற்களில் ஏளனத்தை ஏற்றி வைத்தது நம் தெருக்கள். 1995-ல் வந்த திருவிவிலியம் என்ற தமிழ் மொழிபெயர்ப்பு தொழுநோயாளர் என்று மரியாதையோடு எழுதியது எனக்குப் பெரிய ஆறுதல். இன்னொன்றும் உண்டு. லேவியராகமம் 13, 14-ல் அந்த நோய் துணியிலும் வீட்டுச் சுவரிலும்கூட வருகிறது. அப்படியானால் அது இன்று நாம் அறிந்த தொழுநோய் மட்டுமாக இருக்க முடியாது. கரிகிரியிலும் வேலூரிலும் தொழுநோயாளருக்காகக் கிறிஸ்தவ மருத்துவர்கள் பாடுபட்ட மண் இது. அங்கே குணமாகி வீட்டுக்குப் போனவர், ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் உட்கார்ந்து குஷ்டரோகி என்று கேட்க வேண்டுமா?

பொது ஆராதனையில் என்ன செய்வது என்று கேட்பீர்கள். யூத வேதபாரகர் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். 2 இராஜாக்கள் 18:27-ல் அசீரியத் தளபதி ரப்சாக்கே எருசலேம் மதிலின் மேலிருந்தவர்களைப் பார்த்து மலத்தையும் மூத்திரத்தையும் சொல்லி மிரட்டுகிறான். அந்த எழுத்துகளை அவர்கள் தொடவில்லை. ஓரத்தில் மட்டும், வாய்விட்டு வாசிக்கும்போது சொல்ல வேண்டிய மென்மையான சொல்லைக் குறித்து வைத்தார்கள். நம் சபைகளில் வாசிப்புப் பகுதியைத் தெரிந்தெடுக்கிற மூப்பர்கள் இதே விதமாகச் சிறுபிள்ளைகளை மனதில் வைத்து முடிவெடுக்கலாம். அச்சிட்ட வசனம் அப்படியே இருக்கட்டும்.

தமிழ் வேதாகமத்தை அடுத்த முறை திருத்த உட்காரும்போது கிரேக்கமும் எபிரெயமும் தெரிந்த பண்டிதர்களோடு, நடக்க முடியாதவர் ஒருவரும் தொழுநோயிலிருந்து மீண்டவர் ஒருவரும் அந்த மேசையில் இருக்க வேண்டும். இதை நம் திருமண்டலத்தார் எழுத்து மூலமாகவே வேதாகமச் சங்கத்தைக் கேட்க வேண்டும் என்று உங்கள் முன்னால் வேண்டிக்கொள்கிறேன்.